கோடு பென்சிலில் இருக்கும்போதே எங்களுக்குக் காட்டுங்கள்

வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கும், நாட்டின் மின்செலுத்துகை வலையமைப்பைத் திட்டமிடும் பொறியியலாளர்களுக்கும், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், நாங்கள் படுவான்கரை என்று அழைக்கும் நிலத்தில் பிறந்து, அங்குள்ள பாடசாலைகளிலேயே புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். குப்பி விளக்கின் ஒளியில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திய ஆண்டுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. கிழக்குக் கரையான எழுவான்கரையின் ஊர்கள் இரவில் ஒளிர்வதை வாவிக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டே எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆகவே மின்சாரத்தின் அருமையை எவரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும், புதிய உயரழுத்த மின்வழிகள் எமது மாவட்டங்களுக்குத் தேவை என்பதே என் நிலைப்பாடு என்பதையும் முதலிலேயே தெளிவாகக் கூறிவிடுகிறேன். நான் கேட்பது இதுதான்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இனி அமையவுள்ள மின்செலுத்துகை வழிகள் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளை எழுத்தில், தமிழிலும், முன்கூட்டியே வகுத்து வெளியிடுங்கள், அந்தத் தடம் வரைபடத்தில் வெறும் பென்சில் கோடாக இருக்கும்போதே அதை எங்களுக்குக் காட்டுங்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2030 ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் ஒரே வளவுக்குள் 900 மெகாவாற்றுக் கொள்ளளவைக் கொண்டது. வெயிலும் காற்றும் அப்படி ஓரிடத்தில் குவிந்து கிடைப்பவை அல்ல. அவை பரந்த வறண்ட வலயத்தில் சிதறிக் கிடக்கின்றன. மின்சாரத்தை அதிகம் பயன்படுத்துவதோ மேல் மாகாணம். இடையில் உள்ள தூரத்தைக் கம்பிகள்தான் கடக்க வேண்டும். எமக்கு அயலில் உள்ள சியம்பலாண்டுவையில் 100 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் எழுகிறது. அதுபோன்றவை இன்னும் வரும். ஒவ்வொன்றோடும் ஒரு வழி வரும். வழி பலமாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் இருந்து உணர்ந்தோம். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறை, அந்த ஞாயிறு முற்பகலில் தேவை குறைந்து கூரைச் சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வலையமைப்பால் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு வீட்டுக்காரரிடம் கேட்கப்பட்டது. வெயில் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாத நிலை எவருக்கும் மகிழ்ச்சி தருவதன்று. இதனிடையே 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும், 2025 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், 1969 முதல் ஒரே அமைப்பாக இருந்த இலங்கை மின்சார சபையிலிருந்து செலுத்துகையைத் தனிப் பொறுப்பாகப் பிரிக்கின்றன. புதிய பொறுப்பாளர்கள் தங்கள் நடைமுறைகளைப் புதிதாக எழுதும் காலம் இது என்பதால், அந்த ஏட்டின் முதற் பக்கங்களிலேயே எங்கள் வேண்டுகோளும் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கள் பகுதிக்கு மின்வழிகள் புதியவை அல்ல. கல்லோயாத் திட்டத்தின்போது இங்கினியாகலையில் கட்டப்பட்ட அணைக்கட்டோடு 11.25 மெகாவாற்று நீர்மின் நிலையமும் வந்தது. இன்று அம்பாறையிலிருந்து வவுணதீவு கிறிட் உபநிலையத்துக்கு 132 கிலோவோல்ற்று வழி வருகிறது. உயரழுத்தம் எதற்கு என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அழுத்தத்தை நான்கு மடங்காக உயர்த்தினால் அதே அளவு சக்தியைக் கொண்டுசெல்லக் காற்பங்கு ஓட்டம் போதும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 33 கிலோவோல்ற்றில் நெடுந்தூரம் இழுத்துவரும் மின்சாரத்தை 132 கிலோவோல்ற்றுக்கு மாற்றுவதன் பயன் அதுதான். வீணாகும் மின்சாரத்துக்கும் எங்கோ எரிபொருள் எரிகிறது என்பதால், நல்ல செலுத்துகை வழி ஒன்று தானே ஒரு சுற்றாடல் நன்மையும்கூட. இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் தடம் என்பது வேறு விடயம். 132 கிலோவோல்ற்று வழியொன்றுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் அகலமான நிலப்பட்டை வேண்டும். 10 கிலோமீற்றர் நீளத்துக்கு அது 27 ஹெக்டயர், அதாவது 66 ஏக்கருக்குச் சற்று மேல். வயலில் அந்தப் பட்டையின் கீழ் வேளாண்மை தொடரலாம். கோபுரத்தின் நான்கு கால்கள் நிற்கும் இடம் மட்டுமே போகும். தென்னந்தோப்பிலோ பட்டை முழுவதும் போகும், ஏனெனில் கம்பிக்குக் கீழ் தென்னையை வளரவிட முடியாது. முப்பது ஆண்டுகள் காய்க்க வேண்டிய மரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நட்டஈடும், வரப்போரத்தில் ஒரு காலை ஊன்றுவதற்குக் கொடுக்கும் நட்டஈடும் ஒரே அளவுகோலால் அளக்கப்படக் கூடாதவை. கொழும்பில் மேசைமேல் விரித்த வரைபடத்தில் இரண்டும் ஒரே பச்சை நிறத்தில்தான் தெரியும்.

ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்காலை என் தம்பி தன் வயலுக்குப் போனபோது, வரம்போரமாகச் சிவப்புச் சாயம் பூசிய முளைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. அது மின்சாரத்தோடு தொடர்பில்லாத வேறொரு பொது வேலைத்திட்டம்; யாருடையது என்பது இங்கு தேவையில்லை. வயல்வெளியின் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானைக்கும் தெரியாது, கமக்கார அமைப்புக்கும் தெரியாது. விசாரித்தபோது, இடம் எப்போதோ தீர்மானித்தாயிற்று, இனி மாற்றினால் முழு மதிப்பீட்டையும் மாற்ற வேண்டும் என்ற பதில் கிடைத்தது. முளைகளில் ஒன்று கிளைவாய்க்காலின் அணையிலேயே இருந்தது. அந்த இடத்தில் கொங்கிறீற்றுத் தூண் எழுந்தது, அணை இளகியது, அந்தச் சிறுபோகத்தில் கீழ்க்கண்டத்துக்காரருக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. பின்னர் வாய்க்காலைத் திருப்பி வெட்டினார்கள். தூணைப் பத்தடி தள்ளி நட்டிருந்தால் எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருபது பேராவது இருந்தார்கள். கேட்கத்தான் எவரும் வரவில்லை. அந்த முளைகளைப் பார்த்த நாளிலிருந்து, கேட்கும் நேரம் என்பது எவ்வளவு முக்கியமானது என்று எண்ணி வருகிறேன்.

எங்கள் சட்டத்தில் கேட்பதற்கான இடம் இல்லாமல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தத்தினாலும், 1993 இல் வெளியான வர்த்தமானிக் கட்டளையினாலும், 50 கிலோவோல்ற்றுக்கு மேற்பட்டு 10 கிலோமீற்றருக்கு நீண்ட மேல்நிலை மின்வழிகள் விதித்துரைக்கப்பட்ட திட்டங்களாகின்றன, அதாவது சுற்றாடல் அங்கீகாரம் பெற்றே தீர வேண்டியவை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்பட்டால் அது 30 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். குறைந்த தீங்குள்ள மாற்றுவழிகளை விவரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் மின்வழிகளுக்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரீட்சை அறிக்கைதான். 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அதற்கு அந்த 30 நாட் கட்டாயம் இல்லை. 10 கிலோமீற்றருக்குக் குறைவான வழியும், 33 கிலோவோல்ற்று வழி எவ்வளவு நீண்டாலும் அதுவும், பொதுவாக இந்த வலைக்குள் விழுவதில்லை. எல்லாவற்றையும் விட, அறிக்கை எழுதப்படும் காலத்தில் தடம் தெரிவாகி, நில அளவை முடிந்து, கடன் உடன்படிக்கையும் பேசப்பட்டு விடுகிறது. அந்நிலையில் மாற்றுவழி என்ற அத்தியாயம் எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு நியாயம் தேடுவதாகவே அமையும். இது எந்த உத்தியோகத்தரின் குற்றமும் அல்ல. ஒழுங்கு அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

அதன் பின்னர் வருவது வழியுரிமை விசாரணை. காணிக்காரர் ஆட்சேபித்தால் பிரதேச செயலாளர் முன் விசாரணை நடக்கும். ஆனால் அங்கே ஒரு காணிக்காரர் தன் காணியைப் பற்றி மட்டுமே பேச முடியும். முழுத் தடமும் வேறு பக்கமாகப் போயிருக்கலாம் என்று சொல்ல அது களமல்ல. ஒருவர் தப்பினால் பக்கத்துக் காணிக்காரர் மாட்டுவார் என்ற நிலை, ஒரே வட்டைக்குள் மனத்தாங்கலை வளர்ப்பதையும் கண்டிருக்கிறேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட எந்தத் திட்டமும் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, அதுபற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அப்பிரிவு கூறுகிறது. எந்தச் செலுத்துகை வழியும் இந்தத் தொகைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதல்ல. ஆகவே நான் கேட்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. அதை வேலை தொடங்கும் நாளிலிருந்து எண்ணாமல், தடம் தெரிவாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பிரித்தானியாவில் 2008 ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், மின் வலையமைப்புகளுக்கென்றே ஒரு தேசியக் கொள்கைக் கூற்று 2011 இல் வெளியிடப்பட்டது. அதன் திருத்திய வடிவம் ஒன்று 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தடத் தெரிவு, பறவைகள் கம்பியில் மோதுதல், நிலக்காட்சி, ஒலி, மின்காந்தப் புலம், மின்னை இணைத்துத் துண்டிக்கும் ஆளிப் பெட்டிகளிலிருந்து கசியும் வாயு என்று ஒவ்வொன்றையும் எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. விண்ணப்பிப்பவர் தம் விண்ணப்பத்தைக் கொடுக்குமுன் அயலவரிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்று அச்சட்டம் அப்போது கட்டாயமாக்கியது. அதற்கும் வெகு முன்னர், 1959 இலேயே, ஹோல்ஃபோர்ட் என்ற திட்டமிடல் அறிஞர் மேல்நிலை வழிகளுக்குச் சில எளிய விதிகளை எழுதிக் கொடுத்தார். மிக உயர்ந்த மதிப்புள்ள பெரும் பரப்புகளை, வழி நீண்டாலும், இயன்றவரை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மற்றவை சமமாயின் நேரான வழியையே தெரிய வேண்டும். வானத்தைப் பின்புலமாகக் கொள்ளாமல் மரத்தையும் குன்றையும் பின்புலமாகக் கொள்ள வேண்டும் என்பன போன்றவை அவை. அந்த விதிகளை அப்படியே இங்கு கொண்டுவருமாறு நான் கேட்கவில்லை. அவர்களுடைய குன்றும் எங்களுடைய வாவியும் ஒன்றல்ல. விதி முதலில், தடம் பின்பு என்ற அந்த வரிசை எங்களுக்கும் வேண்டும். எங்கள் நாட்டிலேயே முன்னுதாரணமும் உண்டு: போருக்குப் பின் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வட மாகாணத்துக்கு ஒருங்கிணைந்த மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு ஒன்றைச் செய்து, எங்கே எதைக் கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று மாகாணம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தன. கிழக்கின் மின்வழிகளுக்கு அப்படி ஒரு முழுப் பார்வை வேண்டும்.

அந்த விதிகளில் எவை இருக்க வேண்டும் என்பதை ஊர்க்காரியாகச் சொல்லத் துணிகிறேன். வாவியிலிருந்து தொடங்குகிறேன்.

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மாரி தொடங்கும் காலத்தில் வலசைப் பறவைகள் வந்து, பங்குனி சித்திரை வரை தங்குகின்றன. ஆண்டு முழுவதும் இருக்கும் கூழைக்கடாக்களும் நாரைகளும் நீர்க்காகங்களும், காலையில் அடையும் மரத்திலிருந்து வாவிக்கும், வாவியிலிருந்து வயலுக்கும், அந்தியில் மீண்டும் மரத்துக்கும் ஒரே பாதைகளில் பறக்கின்றன. கூழைக்கடா கனமான பறவை. பறக்கும்போது சட்டென்று திரும்ப அதனால் இயலாது. செலுத்துகை வழியில் தடித்த மின்கம்பிகளை அது கண்டு மேலெழும். மேலெழும்போது உச்சியில் மின்னலுக்குக் காப்பாகப் போகும் மெல்லிய புவிக்கம்பியில் மோதும். பனிமூட்டமுள்ள விடியலிலும், வெளிச்சம் மங்கும் அந்தியிலும் இது கூடுதலாக நடக்கும். அந்தக் கம்பியில் குறித்த இடைவெளிகளில் சுருள்களையோ ஆடும் தகடுகளையோ மாட்டினால் மோதல் குறையும் என்பது உலகில் பல இடங்களில் கண்ட உண்மை. ஆனால் பறவைகள் கடக்கும் இடத்தை விட்டு ஒரு கிலோமீற்றர் தள்ளி வழியை அமைப்பது அதைவிட நல்லது, அதற்குப் பின்னாளில் பராமரிப்பும் வேண்டியதில்லை. அந்தப் பாதைகளை எங்கள் தோணிக்காரர் அறிவார்கள். விடியுமுன் வீச்சு வலையோடு நிற்பவருக்கு, எந்தத் திசையிலிருந்து எந்தக் கூட்டம் எந்த உயரத்தில் வரும் என்பது மனப்பாடம். ஓராண்டு ஆய்வுக்கு ஆலோசகர் ஒருவரை அமர்த்துகையில், அவரோடு நான்கு மீனவரையும் அமர்த்துங்கள். இரு தரப்பும் கண்டதை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

33 கிலோவோல்ற்று வழிகளையும் இந்த விதிக்குள் கொண்டுவர வேண்டும். 132 கிலோவோல்ற்றில் கம்பிகளுக்கிடையே உள்ள தூரம் பெரும்பாலான பறவைகளின் சிறகு விரிவை விடக் கூடியது. தாழ்வான வழிகளில் அந்த இடைவெளி குறைவு என்பதால், கம்பத்தில் அமரும் பெரிய பறவை ஒரே நேரத்தில் இரண்டைத் தொட்டு மின்னால் இறப்பது அங்கேதான் அதிகம். வாவியோரத்தில் குறுக்குச் சட்டங்களை மாற்றி அமைப்பதும், கம்பத்தருகே கம்பிக்கு உறை இடுவதும் பெருஞ்செலவுள்ள காரியங்கள் அல்ல. சட்டம் 50 கிலோவோல்ற்றில் கோடு கிழித்திருக்கிறது என்பதற்காக நல்ல திட்டமிடலும் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை.

வாவியைக் கடந்தே தீர வேண்டிய இடங்களில், கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று ஏற்கெனவே பாலங்கள் உள்ள இடங்களின் ஓரமாகவே கடக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். அங்கே கரை ஏற்கெனவே மாறிவிட்டது. பராமரிப்புக்குப் பாதையும் உண்டு. புதிய கடவைக்காக எங்கோ ஒரு கண்ணாப் பற்றையை, அதாவது கண்டல் மரக்கூட்டத்தை, வெட்டினால், றால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கும் இடம் போவதோடு, அந்த வெட்டிய வாயிலால் வேறு பல காரியங்களும் உள்ளே நுழையும்.

இந்தக் கடைசி விடயம் காட்டுப்பக்கத்திலும் பொருந்தும். வழியமைக்க வெட்டும் பட்டை ஒரு வீதியாகிவிடும். இயந்திரம் கொண்டுபோகப் போட்ட கிரவல் பாதை, வேலை முடிந்த பின்னும் இருக்கும். அதில் மரமேற்றுபவர்களும் ஆற்றுமணல் அள்ளும் டிப்பர்களும் போவார்கள். முந்தானையாற்றுப் பக்கத்தில் மணல் அகழ்வு செய்திருக்கும் கேட்டைப் பார்த்தவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெட்டிய பட்டையில் புல் முளைக்கும், புல்லுக்கு யானை வரும். கல்லோயா, லகுகலை, குமண தேசிய பூங்காக்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருப்பது நல்லது. ஆயினும் வெல்லாவெளிக்கும் வவுணதீவுக்கும் மேற்கே வயலுக்குள் இறங்கும் யானைகள் அந்த எல்லைக்கு வெகு வெளியே நடக்கின்றன. புதிய பட்டை ஒன்று அவற்றின் நடையை எந்த ஊரின் பக்கம் திருப்பும் என்பதைத் தடம் தெரியுமுன் கேட்க வேண்டும். யானையால் உயிரிழந்தவர்களின் வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவல்ல. வேலை முடிந்ததும் அணுகுபாதையை மூடுவதும், கோபுரத்தடிக்குப் போக வாயிலிட்ட ஒரு பாதையை மட்டும் விடுவதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மேய்ச்சல் தரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளுக்கான தரையைக் கேட்டு 2023 செப்டெம்பரிலிருந்து சித்தாண்டியில் நீண்ட காலம் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். காணிப் பிணக்கால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் நிலத்தில், முன்னறிவிப்பின்றி அளவைக்காரர் சிலர் முளைகளோடு இறங்கினால், அது மின்வழிக்கான அளவை என்று எவரும் நம்பப் போவதில்லை. ஓர் உண்மையான தேவைகூட அச்சமாகவே வாசிக்கப்படும்.

வெள்ளநிலத்துக்கும் தனி விதி வேண்டும். உதாரணத்துக்கு, வாழைச்சேனை கிறிட் உபநிலையத்தையும் வவுணதீவையும் இணைக்க வேண்டிய தேவை என்றாவது எழலாம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரக்கூடியதாக இருந்தால், ஒரு வழி அறுந்தாலும் மாவட்டம் இருளாது. எனவே அது நல்ல எண்ணமே. ஆனால் இடையில் கிடப்பது சித்தாண்டி, கிரான் பக்கத்து வெள்ளச் சமவெளி. மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கி, மக்கள் தோணியில் போய்வருவது ஆண்டுதோறும் நடக்கும் காட்சி. அங்கே கோபுரக் கால்களுக்காக எழுப்பும் மண்மேடுகள் வெள்ளத்தின் ஓட்டத்தைத் திருப்பினால், எந்தக் கண்டத்தில் தண்ணீர் தேங்கும் என்பதை ஊர்க் கமக்காரரே முதலில் அறிவார்கள். எந்த ஆண்டு எவ்வளவு உயரத்துக்கு நீர் வந்தது என்பதற்கு வீட்டுச் சுவர்களில் இன்னும் கறை இருக்கிறது. மேலும், 1978 நவம்பர் 23 ஆம் திகதியின் சூறாவளியைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அன்று மட்டக்களப்பின் தென்னைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். கடலோரத்தில் உப்புக்காற்றும், வைகாசி ஆனியில் மேற்கிலிருந்து வீசும் கச்சானும் இரும்பையும் பீங்கான் காவலிகளையும் எப்படி நடத்துகின்றன என்பதைப் பராமரிப்புக்கு வரும் தொழிலாளரைக் கேட்டாலே தெரியும். தடத்தைக் கடலிலிருந்து எவ்வளவு உள்ளே வைப்பது என்பது செலவோடு மட்டும் முடியும் கேள்வியல்ல.

எங்கள் பக்கத்திலும் மாற வேண்டிய பழக்கம் உண்டு. வெட்டு மெசின் போன பின் வைக்கோலை வயலிலேயே எரிக்கிறோம். உயரழுத்த வழியின் கீழ் அடர்ந்த புகையும் வெப்பமும் எழுந்தால் கம்பிகளுக்கிடையே மின்பொறி பாய்ந்து வழி அறுபடக்கூடும். தடம் பற்றி எங்களோடு பேச வருபவர்கள் இதையும் பேசினால், கமக்கார அமைப்புகள் தாமாகவே ஒரு கட்டுப்பாட்டை ஏற்கும் என்று நம்புகிறேன். பேச்சு இரு பக்கமும் பயன்படும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

காலம் கடந்து கேட்பதன் விலையைக் கிழக்கு ஏற்கெனவே கண்டிருக்கிறது. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கடல் கரையை அரித்து, தென்னைகளையும் காணிகளையும் வாடிகளையும் கொண்டுபோனது. ஒலுவில், நிந்தவூர் மக்கள் இன்றும் அதோடு வாழ்கிறார்கள். மணல் எந்தத் திசையில் நகரும் என்பது அந்தக் கரையோர மீனவருக்குத் தெரிந்த விடயம். மன்னாரில் காற்றாலைகள் பற்றிய முறைப்பாடுகள் உயர்நீதிமன்றம் வரை போயின; 2025 இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களில் பலர் காற்று மின்சாரத்துக்கு எதிரானவர்கள் அல்லர். பறவைகளின் வழியையும் வெள்ளத்தின் வழியையும் பற்றி அவர்கள் சொன்னதை முதலிலேயே கேட்டிருந்தால், அந்த ஆண்டுகள் வழக்கிலும் மறியலிலும் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அது மீண்டும் நிகழ வேண்டாம்.

இன்னும் சில விடயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கம்பிக்கருகே குடியிருப்போர் மின்காந்தப் புலத்துக்கு அஞ்சுகிறார்கள். சர்வதேச வழிகாட்டலில் பொதுமக்களுக்கான காந்தப்புல எல்லை 50 ஹேட்சில் 200 மைக்ரோரெஸ்லா. 2002 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இப்புலங்களைப் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்ற வகையில் சேர்த்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லி, வழி இயங்கத் தொடங்கியதும் வீடுகளில் அளந்த பெறுமானங்களைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஒட்டுங்கள். அச்சம் குறைய அதுவே வழி. உபநிலைய ஆளிகளில் பயன்படும் சல்பர் ஹெக்சபுளோரைட்டு வாயு காபனீரொட்சைட்டை விட 23,500 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. எவ்வளவு நிரப்பினீர்கள், எவ்வளவு கசிந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவது கடினமல்ல. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்திருப்பவரும், போரில் பத்திரத்தையே இழந்தவரும், உறுதிக்காரரைப் போலவே நட்டஈடு பெற வழி எழுதப்பட வேண்டும். எல்லா அறிக்கைகளும் தமிழில் முழுமையாக வர வேண்டும். தமிழ் அரச கருமமொழியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, நான்கு பக்கச் சுருக்கம் மட்டும் போதாது.

இவற்றுக்குச் செலவுண்டு என்பதை மறுக்கவில்லை. வளையும் ஒவ்வோரிடத்திலும் கனமான கோணக் கோபுரம் வேண்டும். நிலத்தடி வடமோ மேல்நிலை வழியைவிடப் பல மடங்கு விலையானது. பழுதானால் தேடித் திருத்த நாட்கள் செல்லும். அந்தச் செலவு ஈற்றில் நாட்டில் உள்ள எல்லோருடைய மின்பட்டியலிலும் சேரும்; அதில் எங்களைவிட ஏழைகளும் உண்டு. எனவே எங்கும் வளையுங்கள், எங்கும் புதையுங்கள் என்று நான் கேட்கவில்லை. சில இடங்களில் நேர்வழியே சரியானது என்று கணக்கோடு காட்டினால் எங்கள் மக்கள் ஏற்பார்கள். மூன்று தடங்களை ஒரே வரைபடத்தில், ஒவ்வொன்றின் செலவோடும், வெட்டப்படும் மரத்தோடும், கடக்கும் நீரோடும், அருகிலுள்ள வீடுகளின் எண்ணிக்கையோடும் வரைந்து, பிரதேச செயலகத்தின் சுவரில் மாட்டுங்கள். நாங்கள் பார்த்துவிட்டு எழுதுகிறோம். எழுதியவற்றில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று பதில் தாருங்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது ஒரு தயவு. தை, மாசியில் வைக்காதீர்கள். எல்லோரும் வேளாண்மை வெட்டில் நிற்பார்கள். சித்திரைப் புத்தாண்டின் பின் சிறுபோக விதைப்பு நெருக்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. பங்குனியில் நெல் வீட்டுக்கு வந்திருக்கும், வாய்க்காலில் வேலை குறைவாக இருக்கும், வீதிகளில் வெள்ளமும் வடிந்திருக்கும். அந்த மாதத்தில் ஒரு பிற்பகல், வரைபடத்தோடும் பென்சிலோடும், வயலுக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். கதிரைகள் போடுவதையும், வட்டை விதானைமாரையும் மீனவரையும் பட்டிக்காரரையும் அழைத்து வருவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.